வானொலியில் ஒரு நாள்: இசையும் உரையும் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய ஒரு சிறு பதிலைப் படித்துவிட்டு, செவ்வியல் இசையும் அறிவுசார்ந்த உரைகளும் வானொலியில் எவ்வாறு இடம்பெற்றன என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, இம்முறை அவற்றுக்கு மட்டும் விடை தரப்படுகிறது.

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்): சென்னையில் வானொலி தொடங்கிய காலத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒலிபரப்பு இருந்தது? அதில் இசைக்கும் கல்விக்கும் இடம் இருந்ததா?

பதில்: இடம் இருந்தது என்பதைவிட, அவை இரண்டுமே அன்றைய ஒலிபரப்பின் பெரும்பகுதியாக இருந்தன என்று சொல்வதே பொருந்தும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிச் சங்கம் 1924-ஆம் ஆண்டு மே 16 அன்று உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கியது. இந்திய ஒலிபரப்பு நிறுவனம் பம்பாயில் தன் நிலையத்தைத் திறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நடந்த முயற்சி இது. அந்தச் சங்கத்தின் முதல் ஒலிபரப்புக் கருவி 40 வாட் திறன் கொண்டது. இன்று ஒரு வீட்டு மின்விளக்குக்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க அந்தச் சிறிய கருவியிலிருந்துதான் மாலை வேளைகளில் பாட்டும் உரையும் நகரத்துக்குச் சென்றன. பணநெருக்கடியால் 1927-இல் சங்கம் தன் பணியை நிறுத்திக்கொள்ள, அதன் கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தன.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் முறையான ஒலிபரப்பை நடத்தியது. நாள்தோறும் மாலை 5.30 மணியிலிருந்து 7.30 மணி வரை பொது நிகழ்ச்சிகள். பள்ளி வேலைநாட்களில் மாலை 4 மணியிலிருந்து அரை மணி நேரம் மாணவர்களுக்கு இசைப் பாடமும் கதைகளும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை சிறப்பு இசை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை ஐரோப்பிய இசைத்தட்டுகள். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தார்கள். ஒரு நகராட்சி அமைப்பு, சாலையும் குடிநீரும் தருவதைப் போலவே நல்ல சங்கீதத்தையும் பொதுமக்களுக்குத் தர வேண்டியது தன் கடமை என்று கருதி எட்டு ஆண்டுகளுக்கு அதை விடாமல் நடத்தியது என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கப்பட்டபோது மாநகராட்சியின் பணி நிறைவடைந்தது. அடுத்த ஆண்டு, 1939 மே 16 அன்று, திருச்சி நிலையம் வந்தது.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): வானொலியைக் கேட்டே நேரம் சொல்லிவிடலாம் என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். ஒரு நாளின் நிகழ்ச்சிகள் அவ்வளவு ஒழுங்காகவா அமைந்திருந்தன?

பதில்: உங்கள் தாத்தா சொன்னது உண்மை. 1960களிலும் 70களிலும் சென்னை, திருச்சி போன்ற நிலையங்கள் நாள் முழுவதும் இடைவிடாமல் ஒலிபரப்பவில்லை. காலை, நண்பகல், மாலை என மூன்று ஒலிபரப்புகள் இருந்தன; இடையில் நிலையம் ஓய்ந்திருக்கும். முகப்பிசை, வந்தே மாதரம், அதன்பின் நாகசுரத்தில் மங்கல இசை, பக்திப் பாடல்கள், காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி என்ற வரிசை பெரிதாக மாறுவதில்லை. காலையில் செய்திக்குப் பிறகு வரும் கச்சேரி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். நண்பகலில் மகளிருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் உரிய நிகழ்ச்சிகள். மாலையில் உழவர்களுக்கான ஒலிபரப்பு, செய்தி, சொற்பொழிவு. அதன் பிறகு இரவின் நீண்ட கச்சேரி.

இந்த வரிசையில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. இசையைக் கேட்பதற்காகப் பெட்டியைத் திறந்தவர், கச்சேரி தொடங்கும்வரை ஓடிக்கொண்டிருந்த உரையையும் கேட்டார்; பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க அமர்ந்த உழவர், அதைத் தொடர்ந்து வந்த தோடி இராகத்தின் ஆலாபனையையும் (பாடல் வரிகளின்றி இராகத்தை விரித்துப் பாடுவதையும்) கேட்டார். தனக்கு வேண்டியதை மட்டும் தேடி எடுத்துக் கேட்கும் வசதி அன்று இல்லை. அந்த வசதி இல்லாமையால் மக்கள் இழந்தது சிறிது, பெற்றது பெரிது என்பது என் உறுதியான கருத்து. இராகத்தின் பெயரே அறியாத வீடுகளில் காம்போதியும் கல்யாணியும் காதுக்குப் பழகியது இப்படித்தான். இசையைத் தேடிச் செல்லாதவரிடத்திலும் இசை சென்று சேர்ந்தது. உரையைத் தேடாதவரிடத்தில் உரை சென்று சேர்ந்தது. நிகழ்ச்சி நிரலை வகுத்தவர்கள் இதை உணர்ந்தே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள்.

வானொலி நிலையமே அன்று ‘வானொலி’ என்ற பெயரில் ஒரு தமிழ் இதழை வெளியிட்டு வந்தது. வரப்போகும் நாட்களின் நிகழ்ச்சிகள், பாடுபவர், பக்கவாத்தியக்காரர் விவரங்களோடு ஒலிபரப்பான உரைகளில் சிலவும் அதில் அச்சாகும். கச்சேரிக்குச் செல்ல நாள் குறித்துக்கொள்வதைப் போல, வானொலிக் கச்சேரிக்கும் நாள் குறித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

கேள்வி (வேலூர் வாசகி): நிலையம் தொடங்கும்போது ஒலிக்கும் அந்த முகப்பிசை யாருடையது?

பதில்: செக் நாட்டில் பிறந்து, 1930களில் இந்தியாவுக்கு வந்து பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவை நடத்திய வால்டர் காஃப்மன் அமைத்தது என்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. சிவரஞ்சனி இராகத்தின் சாயலை அதில் கேட்கலாம். தம்புராவின் சுருதிக்கு மேல் வயலின் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி (திருவாரூர் வாசகர்): அரை மணி, ஒரு மணி என்று நேரம் வகுத்துப் பாடச் செய்ததால் கர்நாடக இசையின் விரிவு குறைந்துவிட்டது என்று ஒரு பெரியவர் கூறக் கேட்டேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: அந்தக் குறையில் ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. கோயில் திருவிழாவில் நாகசுர வித்வான் ஒரே இராகத்தை இரவு முழுவதும் விரித்த காலத்தோடு ஒப்பிட்டால், 30 நிமிடத்தில் வர்ணம், ஒரு சிறு கிருதி, ஒரு முதன்மை உருப்படி, முடிவில் துக்கடா என்ற சிறு பாடல் என்று அடக்குவது நெருக்கடிதான். தாள வாத்தியக்காரர் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் பல நேரங்களில் சில சுற்றுகளோடு முடிந்துவிடும். இராகம்-தானம்-பல்லவி என்ற விரிவான உருப்படியைப் பாட நேரம் கிடைக்காது. இந்த இழப்புகளை மறுக்க முடியாது.

ஆனால் வானொலிக்கு முன்பே கச்சேரி சுருங்கத் தொடங்கியிருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். அதற்குள் ஒரு கிருதியின் சாரத்தைத் தர வித்வான்கள் பழகியிருந்தார்கள். சபாக்களில் பல உருப்படிகளை அளவோடு அடுக்கிப் பாடும் கச்சேரி முறையை அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியிருந்தார். வானொலியின் அரை மணி, மூன்று நிமிடத்தைக் காட்டிலும் எவ்வளவோ தாராளமானது. அத்துடன், நேரம் குறைவாக இருந்ததால் ஆலாபனையின் முதல் சஞ்சாரத்திலேயே (சுரக் கோவையிலேயே) இராகத்தின் உருவம் தெளிவாக வர வேண்டும் என்ற கட்டாயம் பாடுபவருக்கு ஏற்பட்டது. எந்த இராகம் என்று ஊகிக்கவே கேட்பவரை நெடுநேரம் காக்க வைக்கும் வழக்கத்தை வானொலி அனுமதிக்கவில்லை. இதை நான் ஒரு நன்மையாகவே எண்ணுகிறேன்.

விரிவான இசைக்கும் தனி இடம் வகுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, பின்னர் சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுவதும் உள்ள நிலையங்களால் ஒரே நேரத்தில் அஞ்சல் (மறு ஒலிபரப்பு) செய்யப்பட்டது. ஒரு வாரம் இந்துஸ்தானி, மற்றொரு வாரம் கர்நாடகம் என்று வருவதால், தஞ்சாவூரில் இருந்தவர் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைக் கேட்கவும், குவாலியரில் இருந்தவர் பைரவி வர்ணத்தைக் கேட்கவும் வாய்ப்புக் கிடைத்தது. 1954 முதல் ஆண்டுதோறும் வானொலி சங்கீத சம்மேளனம் நடந்தது. டில்லியில் வாத்திய விருந்தா என்ற குழுவை அமைத்து, டி. கே. ஜெயராம ஐயர், ஈமனி சங்கர சாஸ்திரி போன்றவர்களிடம் பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கர்நாடக இசைப் பல்லிய அமைப்புகளை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

வேறொரு மாற்றமும் இதே காலத்தில் நடந்தது. ஒலிவாங்கி வருவதற்கு முன், கோயில் பிராகாரத்திலும் பந்தலிலும் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதற்காக உயர்ந்த சுருதியில், உரத்துப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்த பின்னர் தணிந்த சுருதியில், மெல்லிய கமகமும் (சுரத்தின் அசைவும்) கேட்கும்படி பாடுவது இயன்றது. சிறிய குரலும் வீணையின் மெல்லிய அனுசுரமும் (சுரத்தை ஒட்டி எழும் நுண்ணிய ஒலியும்) மதிப்புப் பெற வானொலிக் கலைக்கூடம் (ஸ்டுடியோ) பெரிதும் உதவியது. பெரிய மேடைக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கப்பட்டிருந்த வீணை, இரவு நேரத்தில் தனியே அமர்ந்து கேட்பவரின் அறைக்குள் இயல்பாகப் பொருந்தியது.

கேள்வி (ஈரோடு வாசகர்): வானொலிக் கலைஞர்களுக்குத் தரம் பிரிப்பது எப்படி? ஆர்மோனியத்துக்கு ஏன் தடை இருந்தது?

பதில்: குரல் தேர்வில் தேறியவர்களை பி, பி-ஹை, ஏ, டாப் என்று வகைப்படுத்துவார்கள். முதலில் நிலைய அளவிலான குழு கேட்கும். உயர் தரங்களுக்கு டில்லியில் உள்ள இசைத் தேர்வு வாரியம் ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு செய்யும். பாடுபவர் யார் என்பது நடுவர்களுக்குத் தெரியாமல் இருப்பது இம்முறையின் அடிப்படை. செய்தி ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் 1952-க்குப் பிறகு இதைக் கட்டாயமாக்கியபோது, ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த கலைஞர்கள் பலர் தங்களுக்கே தேர்வா என்று வருந்தினார்கள்; அந்த வருத்தம் புரிந்துகொள்ளக் கூடியதே. எனினும் பரிந்துரையும் குடும்பப் பின்னணியும் இல்லாத ஓர் இளைஞர், சிற்றூரிலிருந்து விண்ணப்பம் அனுப்பி, குரலை மட்டும் கொண்டு தரம் பெற வழி திறந்தது இதனால்தான். ‘வானொலி ஏ கிரேடு கலைஞர்’ என்று கச்சேரி அழைப்பிதழில் இன்றும் அச்சிடுகிறார்கள்.

கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு இடத்தைக் குறைத்துச் செவ்வியல் இசைக்கு நேரத்தைக் கூட்டினார். கேட்போர் திரைப்பாடல்களை ஒலிபரப்பிய இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபர் 3 அன்று திரைப்பாடல்களுக்கும் இடமளித்த விவித பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கி இச்சிக்கலுக்கு விடை கண்டார்கள். செவ்வியல் இசைக்கு நேரம் ஒதுக்கியதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். மற்றொன்றை விலக்கித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை என்பதையே விவித பாரதியின் வரவு காட்டியது.

ஆர்மோனியம் 1940 மார்ச் 1 முதல் வானொலியில் விலக்கப்பட்டிருந்தது. அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் சுரத்தைத் தருபவை. தோடி இராகத்தின் காந்தாரம் (‘க’ என்ற சுரம்) ஓரிடத்தில் நிற்பதில்லை. அது அசைந்து அசைந்துதான் தோடியாகிறது. அந்த அசைவை ஆர்மோனியத்தில் கொண்டுவர இயலாது என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட இசைக் காரணம். 1971-இல் இத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. இந்துஸ்தானி இசையில் அது பக்கவாத்தியமாக நிலைத்துவிட்டது. கர்நாடகக் கச்சேரியில் வயலின் இருப்பதால் அதன் தேவை எழவில்லை.

கேள்வி (தருமபுரி வாசகி): உரைகள் என்றால் பலரும் பெட்டியை அணைத்துவிடுவார்கள் என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். அவற்றால் உண்மையில் பயன் விளைந்ததா?

பதில்: சிலர் அணைத்திருக்கலாம். ஆனால் பயன் விளைந்ததற்கு மறுக்க முடியாத ஒரு சான்று தஞ்சை வயல்களில் இருந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வகையை வெளியிட்டது. குறுவைப் பருவத்துக்கு ஏற்ற அந்த வகையை எப்படி நாற்றுவிடுவது, எப்போது உரமிடுவது என்பதைத் திருச்சி நிலையம் உழவர்களுக்கான ஒலிபரப்பில் தொடர்ந்து சொல்லி வந்தது. அதைக் கேட்டுப் பயிரிட்ட உழவர்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓர் உரை வரிசையின் பெயரால் ஒரு பயிர் வழங்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். நிலையங்களில் வேளாண் நிகழ்ச்சிகளுக்கெனப் பண்ணை இல்லப் பிரிவுகள் 1966 முதல் ஏற்படுத்தப்பட்டதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் இருந்தன.

கல்வி ஒலிபரப்பின் மதிப்பு, அதை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதிலும் தெரிகிறது. பத்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த தி. ஜானகிராமன், சென்னை வானொலியில் கல்வி நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராகப் பணியாற்றி, பின்னர் டில்லியிலும் அதே துறையில் உயர்பொறுப்பு வகித்தார். சங்கீதத்தில் தோய்ந்த ஒருவர் பள்ளிப் பாடங்களை ஒலிவடிவத்தில் அமைத்தார் என்றால், இசைக்கும் கல்விக்கும் வானொலியில் தனித்தனிச் சுவர்கள் இருக்கவில்லை என்று அறியலாம். மீ. ப. சோமு, சுகி சுப்பிரமணியன், அகிலன் என வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர்களின் வரிசை நீண்டது.

டில்லியில் 1955-ஆம் ஆண்டு சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவுகளைத் தொடங்கியபோது முதலில் பேசியவர் ராஜாஜி. அடுத்த ஆண்டு பேசியவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன். ஆட்சி முறையைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்கும்படி இவர்கள் பேசினார்கள்.

நல்ல வானொலி உரை எப்படி அமைய வேண்டும் என்பதற்குத் தமிழில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்து, திருநெல்வேலி நிலையத்தில் உழவர் நிகழ்ச்சிகளை நடத்திய அனுபவம் உடைய அவர், சென்னை நிலையத்தில் ‘இன்று ஒரு தகவல்’ என்ற சில நிமிட நிகழ்ச்சியைப் பல்லாண்டுகள் வழங்கினார். சொற்களை உயர்த்தாமல், அவசரப்படாமல், எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதாக அவர் பேசினார். மேடைப் பேச்சாளர் ஆயிரம் பேரை நோக்கிப் பேசுகிறார். வானொலியில் பேசுபவர் ஒரே ஒருவரை நோக்கிப் பேசுகிறார், அந்த ஒருவர் அடுப்படியில் இருக்கலாம், வயலில் இருக்கலாம். இதை அறியாமல் மேடையில் பேசுவதைப் போலவே கலைக்கூடத்தில் பேசியவர்களின் உரைகளைத்தான் மக்கள் அணைத்தார்கள். உரையை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், குறித்த நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற விதிகள் இருந்தும், எழுதியதைப் படிப்பது தெரியாமல் பேசும் கலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): மத்திய அலையில் கேட்ட கச்சேரி மங்கலாகவும், பண்பலையில் (எஃப்.எம்.) கேட்பது துலக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் என்ன? இரவில் மட்டும் தொலைதூர நிலையங்கள் கேட்டது எப்படி?

பதில்: இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் ஒன்றுக்கொன்று 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. பக்கத்து நிலையத்தோடு கலக்காமல் இருக்க, ஒலியில் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளைக் குறைத்துவிட வேண்டியிருக்கிறது. பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை செல்ல இடமுண்டு. மனிதப் பேச்சு விளங்குவதற்கு முதல் அளவே போதுமானது. ஆகவே உரைகள் மத்திய அலையில் எந்தக் குறையும் இல்லாமல் சென்று சேர்ந்தன. இசைக்குத்தான் இழப்பு. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூலை நகர்த்தி ஜீவாளி கூட்டும்போது எழும் ரீங்காரம் மேல் அதிர்வுகளின் தொகுதி. அவற்றில் கணிசமான பகுதி வழியிலேயே மறைந்துவிடும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விழும் சாப்பு என்ற அடியின் கூர்மையும், கஞ்சிராவின் சலங்கை ஒலியும் அவ்வாறே மழுங்கும். குரலின் அடிப்படைச் சுரங்கள் குறையாமல் வருவதால் இராகத்தை உணர்வதில் தடை ஏற்படவில்லை.

தொலைவைப் பொறுத்தவரை மத்திய அலைக்கே வெற்றி. பகலில் சூரிய ஒளியால் வானின் அயனி மண்டலத்தில் உருவாகும் தாழ்ந்த அடுக்கு ஒன்று மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்தபின் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். 720 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய சென்னை நிலையத்தின் இரவுக் கச்சேரி தெற்குக் கோடியில் கேட்டதற்கும், ஒலி கூடியும் குறைந்தும் வந்ததற்கும் இதுவே காரணம். பண்பலை நேர்கோட்டில் செல்வதால் கோபுரத்தின் பார்வை எல்லைக்கு அப்பால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாட்டிலேயே முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது என்பது இசை ரசிகர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): திருவையாற்று ஆராதனையை நேரஞ்சல் (நடக்கும்போதே ஒலிபரப்பு) செய்வது எதனால் அவ்வளவு சிறப்பாகப் பேசப்படுகிறது?

பதில்: தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கிருதிகளையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையில் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து பாடுகிறார்கள். திருவையாற்றுக்குச் செல்ல இயலாத முதியவர்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வானொலியோடு சேர்ந்து பாடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், வெவ்வேறு ஊர்களில் பாடுபவர்கள் இணைவது நேரஞ்சலில் மட்டுமே நிகழும். பதிவு செய்ததைப் பின்னர் கேட்பதில் அது கிடைக்காது.

கேள்வி (சேலம் வாசகர்): பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பாட்டு வகுப்புக்குச் செல்ல நேரமில்லை. வானொலியைக் கேட்டே இசை கற்க முடியுமா? இன்று எதைக் கேட்கலாம்?

பதில்: சென்னை நிலையம் ‘இசைப் பயிற்சி’ என்ற நிகழ்ச்சியின் வழியாகப் பல தலைமுறைகளுக்குக் கிருதிகளைப் பாடம் சொல்லித் தந்திருக்கிறது. ஆசிரியர் ஒரு சங்கதியைப் பாட, மாணவர் திருப்பிப் பாட, கேட்பவரும் வீட்டிலிருந்து பாடிக்கொள்ளும் அமைப்பு அது. ஆனால் தவறாகப் பாடினால் திருத்துவதற்கு வானொலியால் இயலாது. சுருதி விலகுவதும் தாளம் ஓடுவதும் பாடுபவருக்கே தெரியாது. ஆகவே தொடக்கப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை ஒரு குருவின் முன்னால் அமர்ந்து கற்கத்தான் வேண்டும். வாரத்துக்கு ஒரு வகுப்பாக இருந்தாலும் போதும். வானொலி கேள்வி ஞானத்தைத் தரும். ஓர் இராகத்தைப் பல குரல்களில், பல வாத்தியங்களில் கேட்டுக் கேட்டு மனத்தில் அதன் உருவம் படிய வேண்டும். அதற்கு வானொலிக்கு நிகராக வேறொன்றை நான் அறியேன்.

2016 ஜனவரி 26 முதல் ஆகாசவாணியின் (அகில இந்திய வானொலியின்) ‘ராகம்’ அலைவரிசை இரவும் பகலும் இந்துஸ்தானி, கர்நாடக இசையை வழங்கி வருகிறது. அதை ஆகாசவாணியின் கைப்பேசிச் செயலியில் கேட்கலாம். தமிழ்நாட்டு நிலையங்களும் அதே செயலியில் கிடைக்கின்றன. உரைகளை விரும்புவோர், கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் சமுதாய வானொலிகளையும் கேட்டுப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: காலையில் அரை மணி, இரவில் அரை மணி என்று நேரத்தை நிலைப்படுத்திக்கொள்ளட்டும், எந்தக் கலைஞர், எந்த இராகம் என்று தேர்ந்தெடுக்காமல், அன்று வருவதைக் கேட்கட்டும். அறிவிப்பாளர் இராகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் தானே ஊகித்துப் பார்த்து, பின்னர் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (புதுக்கோட்டை வாசகி): என் தந்தையார் வானொலிக் கச்சேரிகளையும் உரைகளையும் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்யலாம்?

பதில்: தயவு செய்து எறிந்துவிடாதீர்கள். நிலையங்களில் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் உலகெங்கும் இருந்தது; எனவே ஒரு கச்சேரியின் எஞ்சியிருக்கும் ஒரே பதிவு உங்கள் பெட்டியில் இருக்கக் கூடும். முதலில் நாடாக்களைச் சூரிய ஒளியும் ஈரமும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்காதீர்கள். வெண்பூஞ்சை படிந்த நாடாவைக் கருவியில் போட்டு ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும்; அவற்றைத் தனியே பிரித்து, அனுபவமுள்ளவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்ய வேண்டும். மற்றவற்றை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கணினியில் சுருக்கப்படாத கோப்பாக மாற்றி, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். இரைச்சலை நீக்கும் ஆசையில் மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். அதன் படியில் வேண்டியதைச் செய்துகொள்ளலாம்.

தந்தையார் உறையின் மேல் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படம் எடுத்து, அந்தந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள். நாள், நிலையம், பாடியவர், பக்கவாத்தியக்காரர், உருப்படிகள் என்ற விவரங்கள் இல்லாத பதிவு ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும். அறிவிப்பாளரின் குரலையும், கச்சேரிக்கு முன்னும் பின்னும் பதிவாகியிருக்கும் செய்தித் துணுக்குகளையும் உரைகளையும் வெட்டிவிடாதீர்கள். தேதி எழுதப்படாத நாடாவுக்கு அந்தச் செய்தியைக் கொண்டே நாளைக் கண்டுபிடிக்க முடியும். ஒலிபரப்பின் உரிமை நிலையத்தையும் கலைஞர்களையும் சார்ந்தது என்பதால், பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் இசை ஆவணக் காப்பகம் ஒன்றையோ கலைஞரின் குடும்பத்தாரையோ அணுகி, ஒரு படியை அவர்களுக்கு அளித்து, இசைவைப் பெற்றுக்கொள்ளுங்கள்.